புது காரின் சேஸிஸ் நம்பரைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள்

புதிதாகக் கார் எடுக்கப் போகிறவர்கள், அதுவும் ஆடித் தள்ளுபடி, வருடக் கடைசித் தள்ளுபடி என்று பார்த்து புக் செய்யப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள். கோவையில் ஒரு பெரிய ஷோரூமில் எனக்குக் காட்டிய வண்டி ஒன்று, கையில் கொடுத்த வண்டி வேறொன்று. கொடுத்த வண்டி தயாராகிப் பத்து மாதம் யார்டில், அதாவது விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கும் திறந்த வெளியில், கிடந்தது. அதோடு இடது பக்கம் இரண்டு பேனலில் டிங்கரிங் பார்த்து, அதாவது நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு, மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டையும் மறைத்துப் புத்தம் புது வண்டி என்று முழு விலைக்குத் தலையில் கட்டிவிட்டார்கள்.

விவகாரம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அதனால் ஷோரூம் பெயர், கம்பெனி பெயர் இரண்டும் இங்கே வராது. மாடல் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன், அந்த வண்டியை எடுக்காதே என்று" என ஆரம்பித்துவிடுவார்கள். எந்த மாடலை எடுத்திருந்தாலும் எனக்கு இது நடந்திருக்கும்.

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் கார் பேச்சு ஓயாது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று நான் சொன்னதும், நெக்ஸானா, பிரெஸ்ஸாவா, வென்யூவா, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவா என்று மாதக்கணக்கில் அலசினோம். தகரம் கனமா லேசா என்பதுதான் எப்போதும் முதல் சண்டை. ஒருவர் பானட்டைத் தட்டிப் பார்ப்பார், இன்னொருவர் கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்து வண்டியின் உறுதியைச் சொல்வார். எனக்கு இதில் எப்போதுமே உடன்பாடு இல்லை. பானட் அமுங்கும்படி இருப்பது, நடந்து போகிறவர் மீது மோதினால் அவர் தலைக்கு அடி குறையட்டும் என்பதற்காகவும்தான். மோதலில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவது வெளித்தகரம் இல்லை. கூரையைத் தாங்கும் பில்லர்கள், அடித்தள உறுப்புகள், அவற்றில் போட்டிருக்கும் உயர்வலிமை எஃகு, வெல்டிங், ஏர்பேக், சீட் பெல்ட் எல்லாம் சேர்ந்த வேலை அது. 2018இல் நெக்ஸான், வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது, இந்தியாவில் தயாரான வண்டியாலும் அது முடியும் என்று தெரிந்தது. லேசான வண்டி என்று பலரும் ஒதுக்கிய மாருதியிலிருந்து புது டிசையர் 2024 நவம்பரில் அதே ஐந்து நட்சத்திரம் வாங்கியது. தட்டிப் பார்த்துச் சொன்னவர்கள் யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப்பும் வந்துவிட்டதால் ஒப்பிடுவதற்கு விவரம் நிறையவே இருக்கிறது.

சரி, இவ்வளவும் மாடலைப் பற்றிய பேச்சு. நட்சத்திரம் வாங்கியது சோதனைக்குப் போன வண்டி. நம் வீட்டு வாசலுக்கு வருகிற வண்டி ஆலையிலிருந்து டிரெய்லரில் ஏறி, இறங்கி, வெயிலிலும் மழையிலும் யார்டில் நின்று, பல டிரைவர்கள் கை மாறி வருகிறது. அந்த ஒரு வண்டியை அலசுவதற்கு எங்கள் வட்டத்திலேயே யாரும் அரை மணி நேரம் பேசியதில்லை.

நான் 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்ததும் புக் செய்தேன். முன்பணம் கட்டும்போதே, எனக்கு ஒதுக்கும் வண்டியைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லியிருந்தேன். சேல்ஸ் பையன் பைபாஸ் ஓரம் இருக்கும் யார்டுக்குக் கூட்டிப் போய் ஒரு வண்டியைக் காட்டினான். "இதுதாங்கண்ணா உங்க வண்டி, வந்து நாலு நாள்தான் ஆச்சு" என்றான். பெயிண்ட், டயர், கண்ணாடி, ஓடோமீட்டர் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முன் சீட் கார்பெட்டைத் தூக்கி, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அடித்திருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோ மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு என் பேச்சு எடுபடாது.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து கடன் பணம் நேரே ஷோரூம் கணக்குக்குப் போனது. பதிவும் முடிந்தது. பிப்ரவரியில் ஒரு முகூர்த்த நாளில் டெலிவரி. துணி போர்த்தி, மாலை போட்டு, ஏசி ஹாலில் பளீரென்று விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, சாவி கொடுத்து, கேக் வெட்டிய பிறகுதான் கையில் தந்தார்கள். அதற்கு முன் கேட்டபோதெல்லாம் "அக்கவுண்ட்ஸ்ல இருக்குதுங்கண்ணா" என்பதுதான் பதில்.

மறுநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் சாய்ந்த வெயிலில் வண்டி நின்றபோது, "பின் கதவு மட்டும் நிறம் ஒரு மாதிரி இருக்குதே" என்றாள் என் மனைவி. கிட்டப் போய்ப் பார்த்தால், முன் கதவில் வானம் வழவழப்பாகத் தெரிந்தது. பின் கதவில் அதே வானம் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்தது. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினேன். உள்ளே பெயிண்ட் ஒரு கோடு போட்டு நின்றிருந்தது. மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்ப்ரே அடித்த விளிம்பு அது. நகத்தால் தடவினால் தட்டியது. ஆலையில் பாடி முழுவதையும் முக்கியெடுத்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அங்கே டேப் விளிம்பு வர வழியே இல்லை. கதவுக் கீலின் போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்து இரும்பு பளபளத்தது. ஸ்பேனர் போட்டுக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஃபைலை எடுத்து இன்வாய்ஸில் இருந்த சேஸிஸ் நம்பரையும் யார்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு வேறு நம்பர். பதினேழு எழுத்து எண்ணில் பத்தாவது இடம் தயாரிப்பு வருடம். 2023க்கு பி (P), 2024க்கு ஆர் (R), 2025க்கு எஸ் (S) என்ற ஆங்கில எழுத்துகள் வரும். போட்டோவில் எஸ் இருந்தது, வந்த வண்டியில் ஆர். மாதம் எந்த இடத்தில் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் விற்பனைச் சான்றான படிவம் 21இல் தயாரிப்பு மாதமும் வருடமும் எழுதியே ஆக வேண்டும். அதில் 2024 ஏப்ரல் என்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் 1124. அதாவது 2024ஆம் வருடத்தின் 11ஆவது வாரம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

தெரிந்த ஒரு டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயிண்டர் கை வைத்துத் தடவியே, "தம்பி, கதவு லேசான வேலை. பின்னாடி குவார்ட்டர் பேனல்ல நல்லாவே பட்டி ஏறியிருக்குது" என்றார். பிறகு பெயிண்ட் தடிமன் மீட்டர் வைத்துப் பார்த்தோம். கூரையில் 110 மைக்ரான் பக்கம், வலது பக்கமும் அதே அளவு. இடது பின் கதவில் 300ஐத் தாண்டியது. குவார்ட்டர் பேனலில் ஒரு இடத்தில் 700க்கு மேல் போனது. ஆலை பெயிண்ட் பொதுவாக 80இலிருந்து 150 மைக்ரானுக்குள் நிற்கும். 700 என்றால் அடியில் பட்டி இருக்கிறது, அங்கே தகரம் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். கதவையாவது கழற்றி மாற்றலாம். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் குவார்ட்டர் பேனல் பாடியோடு வெல்ட் ஆன பகுதி. டிரெய்லரில் இடித்ததா, யார்டில் சுவரில் உரசியதா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஷோரூமில் கேட்டபோது முதலில் "அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றார்கள். மீட்டர் போட்டோவைக் காட்டியதும் "டிரான்ஸிட்ல சின்ன கீறல், டச்சப் பண்ணியிருப்பாங்க, எல்லாக் கம்பெனியிலும் சகஜம்" என்றார்கள். சேஸிஸ் நம்பர் மாறியதைக் கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில்தான் எனக்கு ஆறவே இல்லை: "அதே வேரியண்ட், அதே கலர்தானே சார், உங்களுக்கு என்ன நஷ்டம்?" எனக்குக் காட்டிய வண்டி வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. நீட்டித்த வாரண்டியும் மூன்று சர்வீஸும் இலவசமாகத் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது என்று எழுந்து வந்தேன். கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டால், டீலர் தனி வியாபாரி, அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று பதில். விளம்பரத்தில் கம்பெனி பெயர், குறை வந்தால் டீலர் பெயர். இது அநியாயம்.

என்ன நஷ்டம் என்று கேட்டவருக்கு இங்கே சொல்கிறேன். நாளைக்கு விற்கப் போனால் 2024 வண்டி என்றுதான் விலை போகும், ஒரு வருடம் நின்ற இடத்திலேயே போய்விட்டது. மறுபெயிண்டைப் பார்த்தால் வாங்குகிறவர் ஆக்ஸிடெண்ட் வண்டி என்பார். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கிச் சல்பேட் படியும், டயர் ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும், எலி ஒயரைக் கடிக்கும். என் வண்டியில் முதல் மாதமே பேட்டரி இரண்டு முறை கைவிட்டது.

பழைய ஸ்டாக்கை விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் நாடு முழுக்க ஷோரூம்களில் 80, 85 நாள் விற்பனைக்கான வண்டிகள் தேங்கி, அவற்றின் மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய் என்று டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடாவே சொன்னது. அவ்வளவு வண்டியும் எங்கேயாவது விற்றாக வேண்டும். தயாரிப்பு மாதத்தைச் சொல்லி, அதற்குத் தகுந்த தள்ளுபடி கொடுத்தால், தெரிந்து வாங்குகிறவர்கள் சந்தோஷமாக வாங்குவார்கள். மறைத்து விற்பது வேறு கதை. பழையதை, செப்பனிட்டதைப் புதியது என்று சொல்லி விற்பதை, 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே பட்டியல் போட்டுச் சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வண்டியைப் பார்த்த அன்றே, சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் போட்ட ப்ரொஃபார்மா இன்வாய்ஸை, அதாவது விற்பனைக்கு முன் தரும் பில்லை, ஷோரூம் முத்திரையோடு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை வங்கிக் கடனை விடுவிக்கச் சம்மதிக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்பார்கள், காகிதத்தில்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பதிவுக்கு அனுப்பும் முன், படிவம் 21, கம்பெனி தரும் தரச் சான்றான படிவம் 22 இரண்டிலும் அதே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு உங்கள் பெயரில் ஆகிவிட்டால் வண்டியை மாற்று என்று கேட்பது மிகவும் கஷ்டம். வண்டியைப் பகல் வெயிலில் மட்டும் பாருங்கள். ஒவ்வொரு கதவின் பீடிங்கையும் விலக்கிப் பாருங்கள், பானட், டிக்கி, கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் கிடைத்தால் எடுத்துப் போங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அங்கே வேலை செய்யாது. டெலிவரி அன்று சாவி வாங்கும் முன் யார்டு போட்டோவோடு நம்பரை மறுபடி ஒத்துப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கிற ஷோரூமில் அன்றைக்கு டெலிவரியே எடுக்காதீர்கள், முகூர்த்தம் தப்பினாலும் பரவாயில்லை.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஷோரூமுக்கு வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ், அதாவது பட்டறைப் பில்லை இன்சூரன்ஸ் நிறுவனமே நேரே கட்டும் வசதி, கிடைக்காது என்று என்னையும் பயமுறுத்தினார்கள். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குகிறவர் உரிமை. டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 விதிகளிலேயே இருக்கிறது. கேஷ்லெஸ் என்பது நிறுவனத்துக்கும் பட்டறைக்கும் உள்ள ஒப்பந்தம், பாலிசியை யார் விற்றார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி கொட்டேஷனில் இருந்தால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டதும் அந்த வரி காணாமல் போனது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் அங்கேயே போகலாம். நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மறுபெயிண்டைச் சரி செய்து தருகிறோம் என்று வண்டியைக் கேட்டால், தனியாக ஒருவரிடம் பரிசோதனை அறிக்கை வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள். சாட்சியே அந்தப் பேனல்தான்.

என் வழக்கில் ஷோரூம், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, வண்டியை மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணமும் வட்டியோடு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இருவருக்கும் நோட்டீஸ் போய்விட்டது. பதில் தர அவர்களுக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை. பெயிண்ட் மீட்டர் ஒன்று சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறேன். கோவை, திருப்பூர் பக்கம் டெலிவரிக்கு முன் வண்டி பார்க்கப் போகிறவர்கள் சொன்னால், சனிக்கிழமைகளில் மீட்டரோடு கூடவே வருகிறேன். காசு எதுவும் வேண்டாம், யார்டில் பேசி நேரத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.