20 நிமிஷத்துல இறுகுற ரன்வே காங்கிரீட், ஒரு வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

ரன்வேல உடைஞ்ச இடத்த வெட்டி எடுத்து புது காங்கிரீட் ரொப்பறது எங்க வேல. ராத்திரி ரன்வேய மூடுனா விடியறதுக்குள்ள திறந்தாகணும். கைல இருக்கறது அஞ்சு மணி நேரம், வெட்டவும் கொத்தவும் கூட்டவுமே அதுல பாதி போயிடும், சாதா சிமெண்ட் முழு ஸ்ட்ரெங்த்துக்கு வர்ற 28 நாள் கணக்கெல்லாம் இங்க பேசவே முடியாது. அதான் பைல வர்ற சிஎஸ்ஏ டைப் கலவைக்கு மாறுனோம், சிஎஸ்ஏன்னா கால்சியம் சல்ஃபோஅலுமினேட் சிமெண்ட். எட்ரிங்கைட்னு ஊசி ஊசியா படிகம் மளமளன்னு வளந்து ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கறதால தான் இந்த வேகம். டெஸ்ட்டுக்கு வார்த்த கியூப 3 மணி நேரத்துல அழுத்தி உடைச்சுப் பாத்தோம், ஸ்ட்ரெங்த் 20 மெகாபாஸ்கல் தாண்டிருச்சு, அந்த விஷயத்துல குறையே சொல்ல மாட்டேன்.

ஆனா அதே வேகம் நம்ம மேலயும் பாயும். வெயில்ல காஞ்ச ஸ்லாப் ராத்திரியிலயும் சூடா தான் இருக்கும், 20 நிமிஷம்னு பைல போட்டிருந்தா அதுல பாதி கூட கிடைக்காது. இறுகறத தள்ளிப்போட ஐஸ் தண்ணி, கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் இல்லாம நாங்க இப்பல்லாம் இறங்கறதே இல்ல. ஒரு தடவ மிக்ஸர கழுவ அஞ்சு நிமிஷம் லேட், உள்ள இருந்தது பாறை, விடிய விடிய உளி வெச்சு கொத்துனோம். இறுகுதேன்னு பயந்து எக்ஸ்ட்ரா தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, ஸ்ட்ரெங்த் போச்சு.

நான் போட்ட மொத பேட்ச், அதாவது ஒட்டு, ரெண்டே மாசத்துல பேந்து வந்துச்சு, சிமெண்ட் பைய தான் திட்டுனேன். அப்புறம் பாத்தா தப்பு எங்களோடது. ரெண்டு ஸ்லாப்புக்கு நடுவுல இருக்கற ஜாயிண்ட் இடைவெளில அமுங்கற ஃபோம் பட்டை வெக்காம அது மேலயே ரொப்பிட்டோம், பகல் சூட்டுல ரெண்டு ஸ்லாப்பும் விரிஞ்சு நெருக்குனதுல பேட்ச் பிதுங்கிருச்சு. ஓரத்தையும் மெல்லிசா தீத்தி விட்டிருந்தோம், அது முதல்ல உதிரும். கட்டர் வெச்சு செங்குத்தா வெட்டி, பழைய காங்கிரீட்ட நனைச்சு, தேங்கி நிக்கற தண்ணிய மட்டும் எடுத்துட்டு போடணும்.

உதிர்ற சின்ன துண்டுக்கு இவ்ளோ அலப்பறையான்னு கேப்பாங்க. 2000-ல பாரிஸ் பக்கத்துல கான்கார்ட் விமானம் விழுந்தது வேற ஃப்ளைட்ல இருந்து ரன்வேல விழுந்து கெடந்த ஒரு தகடு டயர கிழிச்சதால தான், செத்தது 113 பேர். ரன்வேல எது கெடந்தாலும் டயருக்கும் இன்ஜினுக்கும் எமன் தான்.

குண்டு விழுந்த பள்ளத்துக்கு இந்தப் பைய கைல கலந்து ரொப்பலாம்னு நெனைக்காதீங்க, அது வேற கதை. பள்ளத்த சுத்தி மேல தூக்கிக்கிட்ட ஸ்லாப்பையும் சேத்து வெட்டி எடுத்து, அடில கெட்டியா நிரப்பி, மேல தான் இந்த காங்கிரீட், அதுக்கு லாரியிலயே கலக்கற மிக்ஸர் வேணும்.

விலை ரொம்ப ஜாஸ்தி, ஆனா ஒரு நாள் ரன்வே மூடுனா ஆகுற நஷ்டத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமில்ல. 5-க்கு 4 குடுப்பேன். வாங்கறப்ப பைல தேதி பாருங்க, ஈரம் ஏறி கட்டி தட்டியிருந்தா அப்பவே திருப்பி அனுப்பிடுங்க.