இடம் மாறிக்கொண்டே இருக்கும் பொத்தான்கள்: ஆக்சஸுடன் இருபத்தைந்து ஆண்டுகள்

சென்னை பாரிமுனைக்கு அருகே, ஆண்டர்சன் தெருவில் உள்ள ஒரு காகித மொத்த விற்பனைக் கடையில் 1999 முதல் கணக்கும் இருப்பும் பார்த்து வருகிறேன். மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர், போர்டு என்று வந்திறங்கும் சரக்கை அளவு, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), ரீம் வாரியாகப் பதிவது, பில்லும் டெலிவரி சலானும் போடுவது, மாதக் கடைசியில் பார்ட்டி பாக்கியை எடுத்துக் கொடுப்பது எல்லாமே, மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் தொகுப்பில் வரும் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 97 பதிப்பில் நான் எழுதத் தொடங்கிய ஒரு தரவுத்தளத்தில்தான் இன்றுவரை நடக்கின்றன. மென்பொருள் எழுதுவது என் தொழில் அல்ல; தேவைக்காகப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த மென்பொருளின் முகம் மாறிய ஒவ்வொரு முறையும் கடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆக்சஸ் 2003 வரை எனக்குக் குறை எதுவும் இல்லை. கோப்பைத் திறந்தால் நடுவில் ஒரு சிறு சாளரம் வரும். அதன் இடப்பக்கத்தில் அட்டவணைகள், வினவல்கள், படிவங்கள், அறிக்கைகள் என்று வரிசையாக இருக்கும். எங்கே தொலைந்தாலும் எஃப்11 விசையை அழுத்தினால் அந்தச் சாளரம் முன்னால் வந்து நிற்கும். பில் போடும் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைக்கு வரும்வரை கணினியைத் தொட்டதில்லை. அவருக்காகவே மெனு வரிசையின் கடைசியில் சரக்கு, பில், பாக்கி என்று மூன்று மெனுக்களைச் செய்து வைத்தேன். அவர் அவற்றை எழுத்தாகப் படிக்கவில்லை, இடமாகத்தான் மனத்தில் பதித்துக்கொண்டார். “கடைசிக்கு முன்னாடி இருக்கறது, அதுல மேலேர்ந்து மூணாவது” என்பதுதான் அவருக்கு டெலிவரி சலான். இரண்டே வாரத்தில் திரையைப் பார்க்காமலே மவுசை அங்கே கொண்டுபோய்விடும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

2009-இல் பழைய கணினிகளை மாற்றியபோது, புதியவற்றில் ஆபீஸ் 2007 போடப்பட்டு வந்தது. அதன் மெனுக்களுக்குப் பதிலாக மேலே அகலமாக ஒரு பட்டை இருந்தது. அதற்கு ரிப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னைக்காரனுக்கு ரிப்பன் என்றால் சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கேயாவது எந்த மேசையில் யார் இருப்பார் என்று வாசலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் நாள் காலை பத்தரை மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, என் பில்லு எங்கப்பா போச்சு? எல்லாம் படம் படமா இருக்கு.”

“இருங்கக்கா, பாக்கறேன்.”

எனக்கும் தெரியவில்லை. வாசலில் மீன்பாடி வண்டிக்காரர் சலானுக்காகக் காத்திருக்க, கால் மணி நேரம் தேடிய பிறகு, நான் செய்து வைத்த மூன்று மெனுக்களும் ரிப்பனின் ‘ஆட்-இன்ஸ்’ என்ற தாவலுக்குள் முடங்கிக் கிடப்பதைக் கண்டேன். அழியவில்லை, எல்லாம் வேலை செய்தன. ஆனால், நாள் முழுவதும் பயன்படும் மூன்று மெனுக்கள் வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டிய உபரிச் சரக்கைப் போலக் கடைசித் தாவலுக்குப் போயிருந்தன. அன்று நான் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வேர்ட், எக்செல் போன்றவற்றில் கட்டளைகள் பெருகிப் பெருகி, அடுக்கடுக்கான மெனுக்களுக்குள் புதைந்துவிட்டன என்பதும், ஏற்கெனவே இருக்கும் வசதிகளையே புதிதாகக் கேட்டுப் பயனர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு ரிப்பன் உதவியிருக்கலாம். ஆனால் ஆக்சஸின் நிலைமை வேறு. அது கருவி மட்டுமல்ல, பட்டறையும்கூட. அதற்குள் இன்னொருவருக்காக நான் ஒரு கருவியைச் செய்து கொடுக்கிறேன். வேர்டின் முகம் மாறினால் எழுதுபவர் ஒருவர் தடுமாறுவார். ஆக்சஸின் முகம் மாறினால், நான் அக்காவுக்குச் செய்து கொடுத்த கருவியின் முகமும் என்னைக் கேட்காமலே மாறிவிடுகிறது. அதற்கு அவர் என்னைத்தான் கேட்பார். இந்த வேறுபாட்டை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2007 பதிப்பில் ரிப்பனில் நமக்கென்று ஒரு தாவல் வேண்டுமென்றால் எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு மொழியில் எழுதி அதற்கென்று ஒரு தனி அட்டவணையில் சேமிக்க வேண்டும். முன்பு இழுத்துப் போட்டு அரை மணி நேரத்தில் செய்த மெனுவுக்கு இது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

ஒரே ஒரு கட்டளை எங்கெல்லாம் போனது என்று சொல்கிறேன். ஆக்சஸ் கோப்பில் பதிவுகளை நீக்கினாலும் அவை பிடித்திருந்த இடம் தானாக விடுபடாது. கோப்பு ஊதிக்கொண்டே போகும். 2 ஜி.பி. என்பது அதன் உச்ச வரம்பு. ஆகவே அவ்வப்போது ‘காம்பாக்ட் அண்டு ரிப்பேர்’ என்ற கட்டளையை ஓட்டிச் சுருக்கியாக வேண்டும்; நான் சனிக்கிழமைதோறும் கடை அடைக்கும் முன் ஓட்டுவேன். 2003 பதிப்பில் அது டூல்ஸ் மெனுவில், டேட்டாபேஸ் யுட்டிலிட்டீஸ் என்பதற்குள் இருந்தது. 2007-இல் இடது மூலையில் இருந்த வட்டப் பொத்தானை அழுத்தி, மேனேஜ் என்பதற்குள் போக வேண்டும். அந்த வட்டம் பொத்தான் என்றே முதலில் எனக்குத் தெரியவில்லை. விளம்பரச் சின்னம் என்று நினைத்து இரண்டு நாள் ஒதுக்கிவிட்டேன். 2010-இல் அந்த வட்டமே போய், மீண்டும் ஃபைல் என்று எழுத்தில் வந்தது. கட்டளை அதற்குள் இன்ஃபோ பக்கத்துக்குக் குடியேறியது. வேலை மூன்றிலும் ஒன்றே. கணினி மேசைக் கண்ணாடிக்கு அடியில் இதற்கான வழியை எழுதி வைத்திருந்த சீட்டைத்தான் அடித்து அடித்து எழுதினேன்.

அடுத்தது என் அவசரத்தால் வந்தது. பழைய எம்.டி.பி. கோப்பைப் புதிய ஏ.சி.சி.டி.பி. வடிவத்துக்கு மாற்றினால் எல்லாம் விரைவாக ஓடும் என்று எண்ணி, விளக்கக் குறிப்பைப் படிக்காமல் ஒரு மாலையில் மாற்றிவிட்டேன். பழைய வடிவத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்று பயனர்வாரியாகப் பூட்டு வைக்கலாம். கொள்முதல் விலை முதலாளிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்படி வைத்திருந்தேன். புதிய வடிவத்தில் அந்த ஏற்பாடே கிடையாது. மாற்றும்போது பூட்டுகள் கழன்றுவிடும். அந்த அனுமதிகளைத் திருத்தும் பொத்தான்களும் ரிப்பனிலிருந்து மறைந்துவிடும், ஏனென்றால் அவை பழைய வடிவக் கோப்பைத் திறந்தால் மட்டுமே தோன்றும். இல்லாத பொத்தானை யார் தேடுவார்? ஒரு வாரம் கழித்து அக்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தம்பி, வாங்கின ரேட்டும் எனக்குத் தெரியுதே, தெரியலாமா?” பழைய கோப்பின் நகல் இருந்ததால், அன்றிரவே ஒரு வாரப் பதிவுகளை அதில் ஏற்றிப் பழையபடிக்குத் திரும்பினேன். மெனுவாக இருந்தால் அந்த வரி மங்கலாகவாவது இருந்திருக்கும். ஏன் மங்கியது என்று கேட்கத் தோன்றியிருக்கும்.

பழைய பதிப்பிலேயே நின்றுவிடவும் முடியாது. ஆபீஸ் 2003-க்கும் விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் 2014 ஏப்ரல் 8 அன்று, ஒரே நாளில் ஆதரவு முடிந்தது. அடுத்து வாங்கிய 2013 பதிப்பில் தாவல்களின் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் கத்தின, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆக்சஸுக்குள் இருந்த பிவட் அட்டவணைக் காட்சியை எடுத்துவிட்டார்கள். எந்த ஜி.எஸ்.எம். எந்த மாதம் எத்தனை ரீம் போனது என்று முதலாளி தானே திருப்பித் திருப்பிப் பார்ப்பது அதில்தான். இப்போது அதை எக்செலுக்கு ஏற்றுமதி செய்து கொடுக்கிறேன்.

எக்செலைப் பற்றிச் சொல்லும்போது நல்லதையும் சொல்ல வேண்டும். 65,536 வரிகளோடு நின்றுபோன தாள், 2007-இல் 10,48,576 வரிகளாக விரிந்தது. பழைய பில் விவரங்களை ஆண்டுவாரியாகத் துண்டாக்கி வைக்கும் தொல்லை அன்றோடு போயிற்று. மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு ஆல்ட் விசையோடு ஈ, எஸ், வி என்று பழைய மெனு வழியில் அழுத்தினால், அந்த மெனு கண்ணுக்குத் தெரியாமல் போன பின்பும் வேலை நடக்கிறது. ஆக்சஸிலும் இப்படி ஒன்று உண்டு. பதிவை நீக்கும் பொத்தானுக்குப் பழைய பதிப்பின் விசர்டு என்ற உதவிக் கருவி தானே எழுதிக்கொடுத்த நிரல், எடிட் மெனுவின் எட்டாம் உருப்படியையும் ஆறாம் உருப்படியையும் எண் சொல்லி அழைக்கும். மெனு போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த நிரல் ஓடுகிறது. நிரலுக்குக் காட்டிய இந்தக் கரிசனத்தில் கொஞ்சம் மனிதர்களுக்கும் காட்டியிருக்கலாம். பழைய மெனுவை விரும்புகிறவர் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தெரிவைக் கொடுக்க முடியாதது அல்ல. லிபர் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் 2017-இல் தன் 5.3 பதிப்பில் ரிப்பனை ஒத்த ஒரு பட்டையைக் கொண்டுவந்தபோதும் பழைய மெனுவை எடுத்துவிடவில்லை, வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கடிதங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். கடைப் படிவங்களை அதன் தரவுத்தளப் பகுதியான பேஸுக்கு மாற்றிப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை.

மாற்றமே கூடாது என்பவன் அல்ல நான். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, இரண்டு முறையும் பில்லின் அமைப்பையே பிரித்துக் கட்டினேன். ஆனால் என்று மாறும், எது மாறும் என்பது அவற்றில் முன்பே தெரிந்தது. இப்போது நாங்கள் வைத்திருக்கும் சந்தாப் பதிப்பிலோ, ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் பொத்தானின் மூலைகள் உருண்டையாகியிருக்கும், தேடும் பெட்டி மேலே தலைப்புப் பட்டைக்குப் போயிருக்கும். யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

கடைசியில் நான் செய்தது இதுதான். கோப்பு திறந்ததும் ரிப்பனை மறைக்கும் ஒரு வரி நிரலைத் தொடக்கப் படிவத்தில் எழுதினேன். அந்தப் படிவத்தில் எட்டுப் பெரிய பொத்தான்கள். பில்லும் சலானும் பழைய வரிசையிலேயே, மேலிருந்து கீழாக. அக்கா 2019-இல் ஓய்வு பெறும்வரை வேறு எதையும் தொடவில்லை. அவருக்குப் பின் வந்த பெண் கல்லூரியில் ரிப்பனிலேயே படித்து வந்தவர், வந்த முதல் நாளே, “சார், மேல ஒண்ணுமே வரலையே, கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். அவர் பெயருக்கு மட்டும் ரிப்பன் தெரியும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.