உப்புக்காற்றில் ஒரு பிபிசி சிமெண்ட் வீடு: கட்டிக் குடியிருந்து பார்த்ததில்

முன்கட்டின் சன்ஷேடுகளைத் தட்டி எடுத்து, கம்பியில் துருவைச் சுரண்டி, மறுபடி பூசி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். உப்பளத்துக் காற்று வாசல்வரை வரும். முன்கட்டு அப்பா காலத்தில் ஓபிசி என்னும் சாதாரண சிமெண்டில் கட்டியது. பின்கட்டு ஓட்டுக்கட்டாக இருந்து 2018 நவம்பரில் கஜா புயலோடு போனது. அடுத்த கோடையில் அதே இடத்தில் ஃப்ளை ஆஷ் என்னும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டில் தளம் போட்டுக் கட்டினேன்.

வயதில் முன்கட்டு மூத்தது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை என்பீர்கள். ஆனால் முன்கட்டில் முதல் துருக்கறை தெரிந்தது கட்டி ஏழெட்டு வருடத்திலேயே. பின்கட்டு இப்போது கிட்டத்தட்ட அந்த வயதில்தான் இருக்கிறது. சன்ஷேடின் அடிப்பக்கம், மழைத்தண்ணீர் சொட்டும் விளிம்பைப் பாருங்கள். எங்கள் ஊரில் சீக்கு அங்கேதான் தொடங்கும். முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் கம்பி போகும் வழியிலேயே ஒரு பழுப்புக் கோடு, அப்புறம் ஒருநாள் காறை பெயர்ந்து வாசலில் கிடக்கும். பின்கட்டில் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து விளிம்பு முழுக்கப் பார்த்தேன். கோடு இல்லை. சுத்தியல் காம்பால் தட்டினால் எங்கேயும் பொத்தல் சத்தம் இல்லை. முன்கட்டுத் தளத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கசிந்து நிற்கும் சுண்ணாம்புத் திட்டும் பின்கட்டில் கிடையாது.

காரணம் எளிதுதான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு உபரியாக உள்ளே தங்கிவிடும். அதுதான் பின்னாளில் கரைந்து வெளியே கசிகிறது. சாம்பலில் இருக்கும் சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அதையும் பசையாக மாற்றுகிறது. துளைகள் அடைபடுகின்றன, உப்பு கம்பியைத் தேடிப் போகும் வழி குறுகுகிறது. நம் முன்னோர் சுண்ணாம்பில் செங்கல் தூளைச் சேர்த்து சுர்க்கிக் காரை அரைத்ததும் இதே வேலைக்குத்தான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அந்தக் காரையில்தான் நிற்கிறது. இன்றைக்கு செங்கல் தூளுக்குப் பதில் அனல்மின் நிலையத்தின் புகைப்போக்கியில் பிடிக்கும் சாம்பல். மேட்டூர் என்றால் டெல்டாக்காரனுக்குத் தண்ணீர்தான் நினைவு வரும். அணைக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையமும் இருக்கிறது, நெய்வேலியும் நமக்குத் தூரமில்லை. ஏரி ஏரியாகக் கொட்டிக் கிடக்க வேண்டிய சாம்பல் சுவருக்குள் போவது எனக்குப் பெரிய திருப்தி.

கொத்தனாருக்கும் பிடித்திருந்தது. சாம்பல் துகள் உருண்டையாக இருப்பதால் கலவை கரண்டியில் வழுக்கிக்கொண்டு ஓடும். பூச்சு வழவழப்பாக வந்தது. விலையும் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

இவ்வளவும் சரி. இப்போது தண்ணீர்.

சாம்பல் செய்யும் வேலை மெதுவான வேலை, ஈரம் இருக்கிறவரைதான் நடக்கும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்வது, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம், சாம்பல் கலந்ததற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காயும் இடமானால் 14 நாள். எங்கள் ஊரில் கட்டடம் கட்டுவது எப்போது? தை அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, லாரி உள்ளே வர வழி கிடைத்து, ஆளும் கிடைக்கும் மாசி முதல் வைகாசி வரை. மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. கடைமடைக்கு வந்து சேருவது அதற்கும் எத்தனையோ நாள் கழித்து. ஆக, தளத்துக்கு அதிகத் தண்ணீர் வேண்டிய மாதத்தில்தான் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதைத் தளத்தில் கட்டினால், எந்த உப்பைத் தடுக்க இந்த சிமெண்டை வாங்கினோமோ அதை நம் கையாலேயே ஊற்றியதாகிவிடும். மிச்சம் டேங்கர் தண்ணீர். தளத்தில் பாத்தி கட்டி, வைக்கோல் பரப்பி, காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் வைக்கோல் மொறமொறவென்று ஆகிவிடும். சித்திரை வெயில் அப்படி.

தளத்தை எப்படியோ காப்பாற்றிவிட்டேன். மாடிப்படி தப்பவில்லை. படி பூசிய வாரத்தில் டேங்கர்காரர் சொன்ன நாளில் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இன்றுவரை அந்தப் படியைக் கூட்டும்போதெல்லாம் துடைப்பத்தோடு சாம்பல் நிறத்தில் மாவு வருகிறது. தினமும் ஏறி இறங்கும் படி. தினமும் அந்த மாவு.

தளத்துக்கு அடியில் பலகையும் முட்டும் கொடுக்கும் சென்டரிங்காரர்களோடும் சண்டைதான். 15 அடிக்கு உட்பட்ட தளத்துக்குச் சாதாரண சிமெண்டில் 7 நாளில் முட்டுகளைப் பிரிக்கலாம். அந்தக் கணக்கிலேயே பழகியவர்கள் அதே நாளில் வந்து நின்றார்கள். தரநிலைப்படி 7-ஆம் நாளில் ஓபிசி 53 கிரேடு எட்ட வேண்டிய பலம் 37 மெகாபாஸ்கல், பிபிசி எட்ட வேண்டியது 22. பின்னால் இது ஏறிக்கொண்டே போகும், மறுக்கவில்லை. ஆனால் முட்டு நிற்பது பின்னால் இல்லை, இப்போது. கூடுதல் நாளுக்கு வாடகை கொடுத்துத்தான் நிறுத்தி வைத்தேன். மூட்டைக்கு மிச்சம் பிடித்த காசு அந்த வாடகையிலும் டேங்கரிலும் கரைந்தது.

எனக்குக் கோபம் சிமெண்டின் மேல் இல்லை, விற்கிறவர்களின் மேல். "எல்லாம் ஒண்ணுதான் சார், இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார் எனக்கு மூட்டை தந்த கடைக்காரர். ஒன்று இல்லை. சாம்பல் எத்தனை சதவீதம் என்று மூட்டையில் அச்சடிக்கிறார்கள் (15 முதல் 35 வரை போகலாம்), எந்த வாரம் தயாரித்தது என்றும் அச்சடிக்கிறார்கள். எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்று அதே அளவு எழுத்தில் போட்டால் என்ன? வீடு கட்டுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதற்கு இது சட்டைத் துணியா?

மன்னார்குடியில் வீடு தொடங்கும் சகலை எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் போர்வெல்லில் நல்ல தண்ணீர். கணக்குப்படி பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு பிபிசி என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் இருப்பது சிங்கப்பூரில், வேலையைப் பார்த்துக்கொள்வது வயதான மாமனார். அஸ்திவாரம், சுவர், பூச்சு எல்லாம் பிபிசி, தளத்துக்கு மட்டும் ஓபிசி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பின்கட்டுக்கு மேலே நானே மாடி எடுத்தாலும் தளம் ஓபிசிதான். உப்புக்காற்றுக்கு சாம்பல் சிமெண்ட்தான் தோது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டுத்தான் சொல்கிறேன். இன்னொரு சித்திரையில் டேங்கர் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடும் ஆடி ஆவணியில், நடவை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்கு வர ஆள் கிடைத்தால் மறுபடியும் பிபிசி எடுக்கிறேன்.