சபைக் கருவியா, சொந்தக் கருவியா?

எங்கள் சபையின் இசைக்குழுவில் பதினான்கு பேர் வாசிக்கிறோம். ஒருவருக்கும் ஊதியம் கிடையாது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை அவரவர் கருவியை அவரவர் கொண்டுவந்தார்கள். செல்லோ வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போனபோது செல்லோவும் அவரோடு போயிற்று. அடுத்த ஆராதனையில் அடிக்குரலைத் தாங்க ஆளில்லாமல் பாடல்கள் அந்தரத்தில் நின்றன. சபையே கருவிகளை வாங்கி இரவல் கொடுப்பதா, பழையபடி வாசிப்பவர்களின் கருவிகளையே நம்பியிருப்பதா என்ற பேச்சு அன்றுதான் எழுந்தது. சபையே வாங்குவது என்று முடிவு செய்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சொந்தக் கருவிக்காகச் சொல்லக்கூடியவை எல்லோருக்கும் தெரிந்தவையே. சபைக்குச் செலவில்லை, பழகிய கருவியில் கை தயங்காது, உடையவரே அக்கறையோடு பார்த்துக்கொள்வார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அப்படி அமையும் குழுவின் வடிவத்தை நாம் தீர்மானிப்பதில்லை. குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது பெரும்பாலும் வயலினும் புல்லாங்குழலும்தான். வீட்டில் தனியாக வாசித்து மகிழ வயோலாவோ (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் தந்திக் கருவி) டியூபாவோ (அடிக்குரல் தரும் பெரிய பித்தளைக் கருவி) வாங்குபவர் அரிது. ஒரு காலத்தில் எங்களிடம் ஐந்து வயலின், நான்கு புல்லாங்குழல் இருந்தன. வயோலா ஒன்றுகூட இல்லை. துதிப்பாடல்களோ மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்ற நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி நடு ஸ்தாயி ‘ஸி’க்குக் கீழே உள்ள ‘ஜி’யோடு நின்றுவிடும். சோப்ரானோ, ஆல்டோ வரிகளை அது தாராளமாக எடுத்துக்கொள்ளும். டெனார் வரி அதற்கும் கீழே இறங்கும்போது வயலினுக்கு வழியில்லை. ஒன்பது பேர் மேல்வரியில் குவிந்திருக்க, கீழே வெறுமை.

மொரேவிய சபையார் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினர் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லகேமில் 1754 முதல் இருந்துவரும் அவர்களது டிரோம்போன் குழு, சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என நான்கு அளவுக் கருவிகளைக் கொண்டு பாடகர் குழுவின் நான்கு குரல்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. யார் எதைக் கொண்டுவருகிறார் என்பதைவிடப் பாடலுக்கு எது வேண்டும் என்பது அங்கே முன்னால் நிற்கிறது. சபை தானே வாங்கும்போதுதான் இது நமக்கும் கைகூடும்.

கருவி இருந்தால் ஆளும் வருகிறார் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம். சபை வயோலா ஒன்று வந்ததும், பின்வரிசையில் வயலின் வாசித்த ஒரு தங்கை அதை எடுத்துக்கொண்டார். விரல் பழக்கம் ஏறக்குறைய அதேதான். படிக்க வேண்டிய ஆல்டோ கிளெஃப், அதாவது வயோலாவுக்கான சுரக்குறியீட்டு முறை, மட்டும் புதிது. சில மாதங்களில் அதுவும் வசப்பட்டது. பள்ளி நாட்களில் செல்லோ வாசித்துவிட்டுப் பின் கருவியை விற்றுவிட்ட ஒரு அம்மா, “சபையில் செல்லோ இருக்கிறதாமே?” என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கருவி வாங்கி வந்தால்தான் இடம் என்றிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

இவ்வளவும் ஒரு பக்கம். இந்த ஒப்பீட்டை உண்மையில் தீர்மானிப்பது பராமரிப்பு. அதில் நாங்கள் முதலாண்டில் தோற்றோம்.

வாங்கிய ஐந்து கருவிகளையும் ஆலயத்தின் பக்க அறை அலமாரியில் பூட்டி வைத்தோம். சாவி மூவரிடம் இருந்தது; பொறுப்பு ஒருவரிடமும் இல்லை. இரண்டு மாத இடைவெளிக்குப் பின் திறந்தபோது வயோலாவின் விளிம்பு ஒட்டு விட்டிருந்தது. முறுக்கைத் தளர்த்தாமல் வைத்த வில் ஒன்று வளைந்திருந்தது. எண்ணெய் காணாத டிரம்பெட்டின் வால்வு இறுகிப்போயிருந்தது. ஆர்வமிகுதியில் ஒருவர் வயலினின் நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றியிருந்தார்; உள்ளே அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் ஒலித்தூண் விழுந்துவிட்டது. தந்திகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, அலமாரியைக் காலி செய்தோம். சபைக் கருவி, அதை வாசிப்பவரின் வீட்டில்தான் இருக்க வேண்டும். தினமும் கையில் எடுப்பவருக்குத்தான் முளை நழுவுவதும் ஒட்டு விடுவதும் உடனே தெரியும். வாரம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அறையில் ஈரப்பதத்தைக் கவனிக்க யாருமில்லை. மரக்கருவிக்கு அது 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இரண்டாவது, ஒரே ஒருவரைக் கருவிக் காப்பாளராக நியமித்தோம். தந்தி மாற்றிய நாள், வில்லுக்கு முடி மாற்றிய நாள், கருவி யாரிடம் இருக்கிறது என்ற விவரங்கள் அவரது பதிவேட்டில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளையும் ஒத்திகைக்கு வரவழைத்துப் பார்க்கிறார். இரவல் வாங்குபவர் கையெழுத்திட்டே எடுத்துச் செல்கிறார். காப்பீடு இருந்தால் அது ஆலயத்துக்கு வெளியேயும் செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இந்த ஒருவர் கிடைக்காத சபைக்கு நான் சொல்வது நேர் எதிர்: கருவி வாங்காதீர்கள், சொந்தக் கருவிகளோடே தொடருங்கள்.

வாடகை என்ற மூன்றாவது வழியைப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அரை அளவு, முக்கால் அளவு வயலின்கள் ஓரிரு ஆண்டுகளில் கைக்குச் சிறிதாகிவிடும். அவற்றை வாங்கிக் குவிப்பதில் பொருளில்லை. கிளாரினெட்டின் ரீடும் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) ஊதுவாயும் அவரவர் சொந்தமாகவே இருக்கட்டும்.

பித்தளைக் கருவி வாங்கும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பி-ஃபிளாட் டிரம்பெட்டில் வாசிக்கும் சுரம், எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். டி மேஜரில் உள்ள பாடலை டிரம்பெட் வாசிப்பவருக்கு நான்கு ஷார்ப்புகளோடு ஈ மேஜரில் எழுதித் தர வேண்டும். ஜெர்மானியச் சபைகளின் பித்தளைக் குழுக்களில் தொடக்கநிலையினருக்கே ஒலிக்கும் சுரத்தை நேராகப் படிக்கக் கற்றுத் தருகிறார்கள். அதனால் மாற்றி எழுதத் தேவையின்றிப் பாடல் புத்தகமே போதும். எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை, நான்தான் இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அனுபவம் தந்திக் கருவிகளிலும் டிரம்பெட்டிலும் நிற்கிறது. ஓபோ, பஸூன் எங்களிடம் இருந்ததில்லை. அவற்றுக்கு இந்த ஏற்பாடு இதே அளவு பொருந்தும் என்று என்னால் உறுதி கூற இயலாது. செல்லோவின் கழுத்து முறிவது போன்ற பெரிய பழுதும் இந்த ஆறு ஆண்டுகளில் நேரவில்லை. நேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்று இன்னும் எழுதி வைக்கவில்லை.

சென்ற மாதம் ஓர் இளைஞர் யுஃபோனியம் என்ற பித்தளைக் கருவியைக் கேட்டிருக்கிறார். டெனார் வரிக்கு அது மிகவும் உதவும். எங்கள் காப்பாளர் பித்தளைக் கருவிகளை அதிகம் அறியாதவர் என்பதால், வாங்கும் முன் அவருக்குத் துணையாக ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.