கொருக்குப்பேட்டை ஆள் எடுக்கும் ஆபீஸ்: குப்பை வண்டி வேலைக்கு நம்பிப் போகலாமா?

வேலை சீக்கிரம் கிடைக்கிறது, அதில் குறையில்லை. ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ போதும். லைசென்ஸ் இருந்தால் பேட்டரி வண்டிக்குக் கேளுங்கள். பெருக்கும் வேலையைவிடச் சம்பளம் கூட.

சம்பளக் கணக்கில்தான் இவர்கள் சொதப்பல். எல்லாம் வாய்ப்பேச்சு. சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000, வேறு படி இல்லை என்றால், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 113 போக, கைக்கு 13,087 வரவேண்டும். பி.எஃப். என்று 3,600 பிடித்திருந்தால் முதலாளி பங்கையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அது சட்டப்படி தப்பு. இ.எஸ்.ஐ.யில் அவர்கள் பங்கு 3.25 சதவீதம், அதையும் உங்களிடம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆதாரில் உள்ளபடியே பெயர், இன்ஷியல், பிறந்த தேதி பதியச் சொல்லுங்கள். இங்கே அவசரத்தில் தட்டிவிடுகிறார்கள், பின்னால் பி.எஃப். பணம் எடுக்கும்போது சிக்கும். பழைய யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாகப் போட விடாதீர்கள்.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பயோமைனிங்குக்கும், அதாவது தேங்கிய பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலைக்கும், ஆள் அனுப்புகிறார்கள். சலித்து முடித்ததும் அந்த வேலை இல்லை. நிலையாக வேண்டுமென்றால் வார்டு வேலை கேளுங்கள். வீட்டுக் குப்பை தினமும் வரும். கையுறை, பூட்ஸுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.