50-ஆ 85-ஆ? மதுரையில் இரண்டு பிரைம் லென்ஸ்களோடு ஏழு வருடம்

என் கேமரா கேனன் 200டி. 2018-இல் அதற்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். 2021-இல் 85 மி.மீ. எஃப் 1.8 யுஎஸ்எம் லென்ஸ் பழையதாகக் கிடைத்தது. இரண்டும் ஜூம் செய்ய முடியாத பிரைம் லென்ஸ்கள். முகங்களை எடுக்கவும் ராத்திரி வெளிச்சத்தில் எடுக்கவும்தான் வாங்கினேன். மதுரைக்குள்ளும் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் இவற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். "அண்ணே, எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பிகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை வியாபாரத்தை எடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துவாரம், எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. மல்லிகை அம்பாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முகத்தை எடுக்க ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400 தேவைப்பட்டது. படம் முழுக்க மணல் தூவியது மாதிரி இருந்தது. எஃப் 1.8 என்பது எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே இடம், அதே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மட்டும் 640-க்கு இறங்கியது. முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த அம்மாவின் விரலிடுக்கில் ஓடிய வாழைநார்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கொடுத்த காசு அன்றைக்கே செரித்துவிட்டது.

மார்க்கெட் மாதிரி இடங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் வினாடிக்கு 100 முறை மின்னி மின்னி எரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. வெளிச்சம் கூடக் கிடைத்த தெம்பில் ஷட்டரை 1/250 வினாடிக்கு ஏற்றினேன், படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தன. 1/100-க்கு இறக்கினேன், போய்விட்டன. விளக்கு வெளிச்சத்தில் இப்போது நான் ஷட்டரை 1/100-க்கு மேல் ஏற்றுவதே இல்லை.

சரி, 50-ஆ 85-ஆ? எல்லாரும் எஃப் எண்ணைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "உன்னால் எத்தனை அடி பின்னால் போக முடியும்?" என்பதைத்தான். 200டி-யில் இருப்பது கிராப் சென்சார், பழைய ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிட 1.6 மடங்கு சிறியது. அதில் 50 மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 80 மாட்டிய மாதிரி. 85 மாட்டினால் 136. ஒருவரை உச்சி முதல் பாதம் வரை நிற்க வைத்து எடுக்க 50-க்கு 12, 13 அடி வேண்டும். 85-க்கு 21 அடி. எங்கள் தெரு வீடுகளில் நடுவீடே பத்தடிதான், சுவரில் முதுகு இடிக்கும். 85 வாங்கின முதல் மாதம், அக்கா மகளின் சடங்கு வீட்டில் அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே தெருவில் நின்று எடுத்தேன். எனக்கும் பிள்ளைக்கும் நடுவே சொந்தக்காரர்கள் எல்லாம் போய் வந்தார்கள். பாதிப் படத்தில் யாரோ ஒருவரின் தோள்பட்டை.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு வாரம், இருக்கிற 18-55-ஐ 50-இல் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். டேப்பைக் கிழிக்கத் தோன்றினால் உங்களுக்கு 50 நீளம். 35 பக்கம் போக வேண்டும். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு கிராப் கேமராவுக்கென்றே 2009-இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது, அது கொடுத்து வைத்த விஷயம். ஆனால் நிக்கானில் பழைய 50 மி.மீ. 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று டி3500, டி5600 மாதிரி கேமராவுக்கு வாங்கிவிடாதீர்கள். அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் சுற்ற வேண்டும்.

வெளிச்சக் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. இந்த இரண்டு லென்ஸிலும் கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லை. 50-இல் 1/80 வைத்தால் என் கை தாங்கும். 85-இல் 1/160 வேண்டும். இரண்டும் எஃப் 1.8 என்றாலும், கையில் பிடித்து எடுக்கும்போது 85-இல் பாதி வெளிச்சம் ஷட்டரிலேயே போய்விடுகிறது. 50 வெறும் 160 கிராம், 85 சுமார் 425 கிராம். ராத்திரி முழுக்கத் தோளில் கிடந்தால் அந்த வித்தியாசம் தெரியும்.

எங்கள் அப்பத்தாவுக்குக் காதில் தண்டட்டி உண்டு. அந்தக் காதோடு அவரை ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும் என்று ஊருக்குப் போனேன். திண்ணை, காலை ஒன்பது மணி, நேர் வெயில் விழாத மெத்தென்ற வெளிச்சம். "ஏய்யா, சேலை மாத்திட்டு வரவா?" என்றார். "வேணாம் அப்பத்தா, இப்படியே இருங்க" என்று சொல்லி, முகத்தைச் சற்றே திருப்பச் சொன்னேன். 50-ஐ எஃப் 1.8-இல் வைத்து மூன்றடி தூரத்திலிருந்து இருபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், தண்டட்டியின் உருண்டையும் தகடும், அதன் விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கும் துல்லியம். கண் மட்டும் கலங்கிக் கிடக்கிறது. அந்தத் தூரத்தில் எஃப் 1.8-க்குத் தெளிவாக நிற்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. முகம் திரும்பியதில் காது முன்னால் வந்துவிட்டது, கேமராவும் பளபளப்பைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டது என் தப்பு.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். லைவ் வியூவில் திரையைத் தொட்டுக் கண்ணில் ஃபோகஸ் வைத்து, எஃப் 4-க்கு மூடி, ஓரடி பின்னால் நகர்ந்து எடுத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்ததால் கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாந்து முகத்தைக் கருக்கியது. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் போலக் கூட்டினேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). நம் நிறத்துக்கு இது முக்கியம். கன்னத்துச் சுருக்கங்களுக்குள் வெளிச்சம் போக வேண்டும். கண், காது, தண்டட்டி மூன்றும் வந்தன.

85 தன் அருமையைக் காட்டிய இடம் எதிர்சேவை, சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வருகிற அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற நிகழ்ச்சி. 2020-லும் 2021-லும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2022 சித்திரையில் வந்தபோது மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் கூட்டத்தோடு நடந்தேன். சர்க்கரை நிரப்பிய செம்பை வாழை இலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்பார்கள். சூடத்தின் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் விழும். அதற்குப் பக்கத்தில் போய் லென்ஸை நீட்டினால் அந்த நிமிஷம் கலைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று எஃப் 2, 1/160, ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்தேன். சுற்றிலும் இருட்டு என்பதால் இங்கே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனில் (குண்டு பல்பு வெளிச்சத்துக்கானது) வைத்தாலும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருக்கும், அது இருக்கட்டும். ஒரு பெரியவர் கண்ணில் சுடர் இரண்டு புள்ளியாக நிற்கிற படம் அன்றைக்குக் கிடைத்தது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

மறுநாள் காலை வைகையில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் போகிறவர்களுக்கு: இந்த இரண்டு லென்ஸுக்கும் தண்ணீர் தாங்கும் அடைப்பு கிடையாது. பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் ஆசை எனக்கும் இருந்தது. முதல் இரண்டு வருடம் எல்லாமே எஃப் 1.8. பிறகு அந்தப் படங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு சங்கடம். விளக்குத்தூண் பக்கம் எடுத்தது எது, சித்திரை வீதியில் எடுத்தது எது என்று எனக்கே தெரியவில்லை. முகமும், பின்னால் வண்ண வட்டங்களும்தான். ஊரையே அழித்து வைத்திருந்தேன். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு முன் ஒருவரை நிறுத்தினால் அது மகால் என்று தெரிய வேண்டும் இல்லையா? இப்போது வெளிச்சம் இருந்தால் எஃப் 2.8-இலிருந்து 4 வரை; வேறு வழியில்லாத இருட்டில் மட்டும் 1.8.

அதனால்தான் எஃப் 1.4-க்கு ஆசைப்படுகிறவர்களிடம் பொறுக்கச் சொல்கிறேன். 1.8-ஐவிட அது 1.65 மடங்கு வெளிச்சம் தரும், ஒரு ஸ்டாப்கூட முழுதாக இல்லை. அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு ரிஃப்ளெக்டரும் நாலு பெரிய பிரிண்டும் போடலாம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நான் வாங்கிய 85 சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் நனைந்த தோல் பையோடு பீரோவில் வைத்து மறந்துவிட்டேன், தையில் எடுத்தபோது ஓரத்தில் இழை கட்டியிருந்தது. பிரித்துத் துடைத்து வாங்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. இப்போது இரண்டும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடுகிறேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 வாங்குங்கள். 35 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம், 85-இல் 85 சென்டிமீட்டருக்குக் கிட்டே போக முடியாது. வாரத்தில் ஆறு நாள் என் கேமராவில் இருப்பதும் அதுதான். அப்பத்தாவின் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சேலையிலயா எடுத்த?" என்றார். வருகிற பொங்கலுக்கு, சுங்குடிச் சேலையில் இன்னொன்று எடுக்க வேண்டும்.