"எவ்வளவு காட்டுது?": சென்னையில் செயலி வழி ஆட்டோ சேவை, ஒரு மதிப்புரை

சென்னையில் செயலி வழியாக ஆட்டோவை அழைப்பவர்கள் ஓட்டுநரிடமிருந்து முதலில் கேட்பது பெரும்பாலும் "எவ்வளவு காட்டுது?" என்ற கேள்வியைத்தான். அதையடுத்து "டிராப் எங்கே?" என்பதும் "கேஷா, ஆன்லைனா?" என்பதும் வரும். இவற்றுக்கான விடைகள் இருவரின் கைபேசித் திரையிலும் இருந்திருக்க வேண்டியவை. ஆனாலும் அவை கேட்கப்படுகின்றன; சக்கரம் ஒருமுறை சுழல்வதற்கு முன்பே இரு குரல்களிலும் எரிச்சல் ஏறிவிடுகிறது. ஊரில் எல்லோருக்கும் கோபம் கூடிவிட்டது, பேச்சில் மரியாதை போய்விட்டது என்று நாம் சலித்துக்கொள்ளும்போது நினைவில் வரும் காட்சிகளில் பாதியாவது ஆட்டோவையொட்டியதாக இருப்பதால், எந்தச் செயலி நல்லது என்ற ஒப்பீட்டை விட்டுவிட்டு இந்தச் சேவையை மொத்தமாகவே மதிப்பிடுகிறேன். செயலிக்குச் செயலி நிறம் மாறுகிறதே தவிர, அனுபவம் பெரிதாக மாறுவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு, வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் பதிவாகியிருப்பதும், போகும் வழியை வீட்டாருடன் பகிர முடிவதும் முன்பு இல்லாத பாதுகாப்புகள். ஆட்டோ ஸ்டாண்டே இல்லாத உட்தெருக்களுக்கும் வண்டி வருகிறது. புதிதாக ஊருக்கு வந்தவருக்கு இந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ இவ்வளவு ஆகும் என்ற கணக்காவது கிடைக்கிறது. இவை சிறிய வசதிகள் அல்ல; இவற்றுக்காகவே நான் இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்.

குறை எங்கே தொடங்குகிறது என்பதற்கு 2013-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு, இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்பது அந்த ஆணையின் சாரம். ஜிபிஎஸ் பொருத்திய மின்னணு மீட்டர் இலவசமாகத் தரப்படும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அந்தக் கட்டணம் அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகத் திருத்தப்படவே இல்லை. அதன்படி ஆறு கிலோமீட்டர் சவாரிக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆகும். இன்றைய சென்னையில் எழுபத்தைந்து ரூபாய்க்கு ஆறு கிலோமீட்டர் வர ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் இடையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது.

இதைவிடக் கூர்மையான கணக்கு காத்திருப்புக் கட்டணத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 42 ரூபாய். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்கு விரிந்து, ஆற்காடு சாலையையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் தடுப்புகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையாகச் சுருக்கிய காலத்தில், மாலை நெரிசலில் சிக்கிய ஓட்டுநரின் ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் வைத்த விலை அவ்வளவுதான். வண்டி வாடகையும் தவணையும் அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அத்தகைய நேரத்தில் வரும் அழைப்பை அவர் ஏன் தட்டிக்கழிக்கிறார், ஏற்றபின் ஏன் சிடுசிடுக்கிறார் என்பதற்கு மனித மனத்தின் வீழ்ச்சியைப் பற்றிப் பெரிய விளக்கங்கள் தேவைப்படுவதில்லை.

மும்பையில் இந்தத் தொடக்கப் பேரம் ஏன் அரிது என்று அங்கு போய்வந்த சென்னைக்காரர்கள் வியப்பார்கள். அங்குள்ள ஓட்டுநர்கள் பிறவியிலேயே சாந்தமானவர்கள் என்று நான் நம்பவில்லை. அங்கே ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 2021-இல் 18 ரூபாயிலிருந்து 21 ஆகவும், 2022-இல் 23 ஆகவும், 2025 பிப்ரவரியில் 26 ஆகவும் உயர்த்தப்பட்டது. பெங்களூருவில் 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய் ஆனது. பெங்களூருக்காரர்களும் மீட்டரைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்பது உண்மையே. என்றாலும் புலம்புவதற்கு ஆதாரமாக ஒரு நடப்பு விலையாவது அவர்களிடம் இருக்கிறது. சென்னையில் அரசு விலை செத்துப்போன விலை. எனவே எவர் சொல்லும் விலையும் இன்னொருவருக்கு அநியாயமாகத் தோன்றுகிறது.

செயலிகள் வருவதற்கு முன்பும் சென்னை ஆட்டோவின் பேர் நல்ல பேராக இருந்ததில்லை. ஆனால் அன்றைய பேரத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஸ்டாண்டில் நின்று, முகத்தைப் பார்த்து, அவர் நூற்று இருபது என்பார், நாம் எண்பது என்போம், "திரும்பி காலி வண்டியாத்தான் வரணும் சார்" என்ற வாதம் வரும், தொண்ணூறோ நூறோ முடிவாகும். முடிந்த பிறகே ஏறினோம், ஏறியபின் அதைப் பற்றிப் பேச்சில்லை. இப்போது விலை முடிந்துவிட்டதாக நம்பி ஏறுகிறோம், அதன்பிறகு பேரம் தொடங்குகிறது. பயணி தனக்கு நூற்றுப் பத்து என்று வாக்களிக்கப்பட்டதாக நினைக்கிறார். ஓட்டுநரோ அந்த எண்ணைத் தான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார். இருவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள். எண்ணைப் போட்ட மூன்றாவது ஆளான செயலி நிறுவனம் தெருவில் இல்லாததால் கோபத்தை எதிரில் இருப்பவர் மேல்தான் காட்ட முடிகிறது.

அந்த மூன்றாவது ஆள் இன்னும் பின்வாங்கியிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிப்பதற்குப் பதில் ஓட்டுநரிடம் அன்றாடச் சந்தா வாங்கும் முறையை 2022 நவம்பரில் பெங்களூருவில் தொடங்கிய நம்ம யாத்ரி என்ற செயலி பரவலாக்கியது; 2025-க்குள் பெரிய செயலிகள் பலவும் ஆட்டோவுக்கு அதே வழிக்கு வந்தன. கமிஷன் சுமை இறங்கியது ஓட்டுநருக்கு நியாயமான ஆதாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இம்முறையில் கட்டணம் என்பது ஓட்டுநருக்கும் பயணிக்கும் இடையிலான விஷயம், நாங்கள் இருவரையும் இணைத்துவிட்டவர்கள் மட்டுமே என்று நிறுவனம் விலகிக்கொள்ள இடமுண்டு. திரையில் எண் போடுவதும் அவர்களே, அந்த எண்ணுக்குப் பொறுப்பில்லை என்பதும் அவர்களே.

முன்கூட்டியே டிப் சேர்க்கும் பொத்தான் இதன் உச்சம். பத்து, இருபது, முப்பது என்று கூட்டினால் வண்டி விரைவில் கிடைக்கும் என்று திரை ஆசை காட்டுகிறது. சேவைக்கு மகிழ்ந்து கடைசியில் கொடுப்பதைச் சேவை தொடங்குமுன் ஏலத்தொகையாக மாற்றிய இந்த ஏற்பாடு குறித்து 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஒரு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அவ்வாறு கூட்டிக் கொடுத்த பயணி, "மேல பாத்துப் போட்டுக் குடுங்க" என்ற வாசகத்தை இறங்கும்போது மீண்டும் கேட்டால் என்ன முகம் காட்டுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

வரைபடத்தின் பங்கும் சிறிதல்ல. நூறடிச் சாலை போன்ற தடுப்புச் சுவர் உள்ள சாலையில் நமது இடக்குறி சில மீட்டர் தவறி எதிர்ப்பக்கத்தில் விழுந்தால், ஓட்டுநர் நெடுந்தொலைவு போய்த் திரும்பி வர வேண்டும். அவர் "லொகேஷன்லதான் சார் நிக்கிறேன்" என்பார். நாமும் அதையே சொல்வோம். இருவரும் உண்மையே பேசுவோம். ஹாரன் ஒலிக்கு மேல் கத்த வேண்டியிருப்பதால் சாதாரணப் பேச்சும் தொலைபேசியில் அதட்டலாகக் கேட்கிறது. முகம் பார்க்காத இருவர் இப்படி அறிமுகமான பிறகு நடக்கும் சந்திப்பில் இனிமையை எதிர்பார்ப்பது அதிகம்.

பயணிகளை நல்லவர்களாகவே வைத்து எழுதுவதும் நேர்மையாகாது. தந்தை வயதுள்ள ஓட்டுநரிடம் "எங்க இருக்க? சீக்கிரம் வா" என்று ஒருமையில் பேசுபவர்கள், அதே வாயால் அலுவலகக் காவலாளி தம்மை "சார்" என்று அழைக்காததைப் புகாராகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்று செயலிகளில் ஒரே நேரத்தில் அழைத்து, முதலில் வந்ததில் ஏறிக்கொண்டு, மற்ற இருவரும் பாதி வழி வந்தபின் ரத்து செய்வது நம்மிடையே பரவிவிட்ட பழக்கம். தக்க காரணமின்றி ரத்து செய்யும் எவருக்கும் கட்டணத்தில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 100 ரூபாய், தண்டம் விதிக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை வாங்கலாம் என்றும் அவை அனுமதிக்கின்றன. அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டியது மாநில அரசு. அது 2013-இலேயே நின்றுவிட்டால் இரு மடங்கு என்பதற்கும் பொருளில்லை.

இத்தனைக்கும் நடுவில் என்னை வியக்க வைப்பது ஷேர் ஆட்டோ. அதில் வசதி என்று ஒன்றுமே கிடையாது. முழங்கால் முட்ட, பையை மடியில் வைத்து, "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்கம்மா" என்ற ஓட்டுநரின் வேண்டுகோளுக்கு இடமே இல்லாத இடத்தில் இடம் கொடுத்துப் போக வேண்டும். ஆனாலும் அதில் விலைச் சண்டை அபூர்வம். இந்த நிறுத்தத்திலிருந்து அந்த நிறுத்தத்துக்கு இவ்வளவு என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பூக்காரம்மாவுக்கும் தெரியும். அவர் சாட்சியாக இருக்கும்போது கூட்டிக் கேட்கவும் குறைத்துக் கொடுக்கவும் ஒருவருக்கும் துணிவு வராது. அதே ஊர், அதே வெயில், அதே நெரிசல், பல நேரம் அதே மனிதர்கள். மெட்ரோவிலும் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள் கட்டணம் முடிந்துவிடுவதால், நிலையத்துக்குள் குரல் உயர்த்துபவரைப் பார்ப்பது கடினம். வெளியே வந்து ஆட்டோவைத் தேடும்போதுதான் குரல் உயர்கிறது. ஆகவே ஊர்மக்களின் குணம் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பை இந்தச் சேவையை வைத்து எழுத நான் தயாராக இல்லை.

இரவுப் பயணத்துக்கும் அதிகாலையில் ரயில் நிலையம் போவதற்கும் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை ஒன்றரைக்கு மேல் தர மனமில்லை. அந்த நேரத்தில் மெட்ரோ வரை ஷேர் ஆட்டோவில் போய்விடுவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. அழைத்தே ஆக வேண்டுமென்றால், தடுப்புச் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைக் குறுஞ்செய்தியாக முதலில் அனுப்புங்கள். ஓட்டுநர் கூடுதலாகக் கேட்டால் தருவீர்களா மாட்டீர்களா என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே, "அண்ணா" என்றோ "தம்பி" என்றோ அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஒத்துவராவிட்டால் அவர் அங்கேயே ரத்து செய்வார். பத்து நிமிடம் வீணாகும், பாதி வழியில் சண்டை மிஞ்சாது.